திரையில் ஒன்று, தாளில் ஒன்று

எங்கள் அலுவலக அச்சுப்பொறியில் ஒரு கோளாறும் கிடையாது, ஐயா. ‘இயந்திரக் கோளாறு’ என்று நீங்கள் எழுதிக்கொண்டதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் திரும்பக் கூப்பிட்டேன். உட்காருங்கள். தேநீரில் கற்கண்டு போட்டிருக்கிறேன், கலக்காமல் குடியுங்கள், எங்கள் தீவு வழக்கம் அது.

இந்தத் தீவின் பயணியர் அலுவலகத்தில் பதினோரு வருடமாக அச்சு வேலை என்னுடையது. படகு நேரம், திருவிழா அறிவிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக மாதாமாதம் கடல் வற்றும் நேரப் பட்டியல். மேலாளர் லூட்கர் மூன்று வருடம் முன்பு பெருநிலக் கரையிலிருந்து வந்தவர். வந்ததும் அலுவலகத்துக்கென்று புது எழுத்துரு வாங்கினார். திரையில் அழகாகத்தான் இருக்கும். அச்சுப்பொறிக்கு அது பழக்கமில்லாததால், தாளில் தடித்தடியாக வேறொன்று வந்து விழும்.

“திரையில அன்னம், தாள்ல வாத்து. வீப்கே கை பட்டாலே இப்படித்தான்,” என்பார், எல்லார் முன்னாலும். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஆகஸ்டில் ஒருநாள் கண்டுபிடித்தேன். அச்சு அமைப்புக்குள் ஒரு சின்னப் பட்டியல். இடப்பக்கம் திரையில் தெரியும் எழுத்துரு, வலப்பக்கம் அதற்குப் பதிலாக அச்சிட வேண்டியது. வலப்பக்கத்தில் சரியானதைக் கொடுத்தேன். திரையில் இருந்தது அப்படியே தாளில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தாளைக் கட்டிக்கொண்டு நாற்காலியோடு மூன்று சுற்றுச் சுற்றினேன்.

ஊர்மன்றக் கூட்டத்தில் லூட்கர் எழுந்தார். “ஒரு சனிக்கிழமை உக்காந்து நானே சரிபண்ணிட்டேன்,” என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதில் எனக்கு வருத்தமெல்லாம் இல்லை.

வலப்பக்கத்தில் சரியானதைக் கொடுக்கலாம் என்றால், வேறு எதை வேண்டுமானாலும் கொடுக்கலாமே என்று தோன்றியது. அன்றிலிருந்து ஒரே குஷி. அதே எழுத்துருவை நகலெடுத்து, 3 இருக்க வேண்டிய இடத்தில் 5, 5-இன் இடத்தில் 3 என்று வடிவங்களை மாற்றி வைத்தேன். தேதிகள் வேறு எழுத்துருவில், அவை அப்படியே இருக்கும். அரைமணி வேலை. சிரிப்பு தாங்காமல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டுதான் முடித்தேன்.

செப்டம்பர் பட்டியலை லூட்கரே திரையில் சரிபார்த்தார். பதினேழாம் தேதி, புதன், கடல் வற்றுவது 13:30. தலையாட்டிவிட்டுப் போனார். அவர் கைக்குப் போன தாளில் அது 15:50.

புதன்கிழமைதோறும் அவர் சேற்றுத்தரையில் நடந்து எதிர்த் திட்டுக்குப் போய்க் காப்பி குடிப்பார். ஒரு மணி நேர நடையில் ஓர் ஓடை குறுக்கிடும். கடல் வற்றியிருக்கும்போதே அதைத் தாண்டிவிட வேண்டும். அன்று தாளை நம்பி இரண்டே முக்காலுக்கு இறங்கினார். நான் கரைமேட்டில் நின்று மீன் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். வழிகாட்டி மொம்மே ஓடிவந்தார்.

“லூட்கர், நில்லுப்பா! தண்ணி திரும்பி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு.”

“அச்சுல பாருங்க, பதினஞ்சு அம்பது. நானே சரிபார்த்தது.”

“நான் கண்ணாடி எடுத்துட்டு வரலையே. வீப்கே, நீதான அச்சடிச்சே? சொல்லேன் இவருகிட்ட.”

“அவரே சரிபார்த்ததுதான்,” என்றேன். பொய் இல்லையே.

“என்னமோ போங்க,” என்று மொம்மே கையை உதறினார். லூட்கர் எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார். வாயில் ரொட்டி இருந்ததால் என்னால் சிரிக்க முடியவில்லை. மறுநாள் காலையில் நீங்கள் அவரைத் தூக்கி வந்தீர்கள்.

முழங்கால்வரை நனைந்து திரும்பட்டும், ஊர் சிரிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். தாளைப் பாருங்கள். முந்தின நாள் 12:44, மறுநாள் 14:19. நடுவில் 15:50 எப்படி வரும்? தீவுக்காரர் யாராக இருந்தாலும் பார்த்த உடனே பிடித்திருப்பார்.

அந்தத் தாள்கள் ஊர் முழுக்கப் போயிருக்குமே, வேறு யாராவது செத்திருந்தால் என்று கேட்கிறீர்கள். விடுதிகளில் போய்ப் பாருங்கள், நானூறு தாளும் சரியாகவே இருக்கும். அவருடைய ஒரு தாளுக்கு மட்டும் எழுத்துருப் பட்டியலை மாற்றினேன். அச்சாகி வந்ததும் பழையபடி வைத்துவிட்டேன். யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்கிறவள் இல்லை, ஐயா, நான்.