பவானியில் கரைத்த நெறிக்கட்டி

1936-ஆம் வருஷம் ஆனி மாதம், கோயமுத்தூர் போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்ததில், கிணத்துக்கடவு காலஞ்சென்ற பாலுசாமிக் கவுண்டர் சம்சாரம் நாச்சியம்மாள், வயது நாற்பத்திரண்டு, விவசாயம், சொன்னது:

என் வீட்டுக்காரருக்குக் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு நெறி கட்டியது. கழுத்தில் நெறி கட்டி வருகிற கண்டமாலை நோய் என்று பச்சிலை வைத்துக் கட்டியும் வற்றாததால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன். டாக்டர் ஞானாபரணம் அந்தக் கட்டியை அறுத்தெடுத்து, மருந்துத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடி ஜாடியில் போட்டு, என் கண்ணெதிரே அலமாரியில் வைத்தார். இது நெறியிலேயே பிறந்த புற்று, எந்த அணுவில் முளைத்தது என்று பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்றார். அதன் பிறகு என் வீட்டுக்காரர் பிழைக்கவில்லை.

ஊரில் எரித்தோம். எலும்பு பொறுக்கிய அன்று எனக்கு மனசு ஆறவில்லை. உடம்பில் ஒரு துண்டு ஆஸ்பத்திரியில் ஊறிக்கொண்டிருக்க, மீதியை மட்டும் கரைத்தால் அவர் எப்படிக் கரையேறுவார்? அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், ஆள் இல்லாத சமயம் பார்த்து அலமாரியைத் திறந்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எலுமிச்சம்பழம் அளவுக் கட்டி ஒரு ஜாடியில்தான் இருந்தது. அதை மடியில் கட்டிக்கொண்டு வந்து, யாரிடமும் சொல்லாமல் அஸ்திக் கலயத்தில் போட்டேன். அதன் பிறகு என் மகன் தம்பிதுரை பவானி கூடுதுறையில் பிண்டம் வைத்து, எங்கள் குலக் கூட்டத்தின் பெயர் சொல்லிக் கரைத்தான். அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதன் பிறகு, கட்டியைக் காணோம் என்று டாக்டர் புகார் கொடுத்து, போலீஸார் அழைத்ததன் பேரில் இங்கே வந்தேன். டாக்டரும், மில் தொழிலாளி பிரகாசம் என்பவரின் சம்சாரம் அமலியும் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் கட்டியைச் சோதனைக்காகச் சீவிச் சீவிக் கொட்டைப்பாக்கு அளவுதான் மிச்சம் இருக்கிறதென்றும், நான் எடுத்தது பிரகாசத்தின் கட்டி என்றும், அது காசநோயால் வந்த கட்டியா புற்றா என்று இன்னும் பார்க்கவே இல்லை என்றும் டாக்டர் சொன்னார். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு அல்லவா பிண்டம் வைத்துவிட்டோம்!

அமலி சத்தம் போடவில்லை. "ஏனுங்க அக்கா, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே? அவருக்கு இன்னொருக்கா கழுத்தை அறுக்கோணுமாமுங்க" என்றாள். அவள் என்னை நாலு அடி அடித்திருந்தால் தேவலை.

அதன் பிறகு, என் வீட்டுக்காரரின் மிச்சத்தை நான் வாங்கிக்கொண்டு போகலாம் என்று டாக்டர் சொன்னார். நான் வாங்கவில்லை. "அது உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க. இந்தம்மணி ஊட்டுக்காரருக்கு அறுக்கறப்ப, ரண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரண்டும் வேற வேற நோவுன்னு சொல்லிப்போடுங்க சாமி" என்றேன்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை.

நாச்சியம்மாள், இடது பெருவிரல் ரேகை.