நீலக் குப்பிக்கு ஒரு பெயர்

ஞாயிற்றுக்கிழமை என்றால் சாலைக் கடைத்தெருவில் நிம்மதியாக உட்கார்ந்து பேசலாம், வினீத் சார். எங்கள் இரும்புக்கடை வாசலில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். எடைக்கு எடுத்து விற்கிற ஆக்கர்க் கடையில் வாங்கின பழைய சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொண்டுவருவார்கள். அது என்ன, எதற்கானது என்று நான் சொல்வேன். இந்தப் பகவதிப்பெருமாள் சொன்னால் சொன்னதுதான். முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட 'தெரியாது' என்று நான் சொன்னதில்லை. தெரிந்துதான் சொன்னேனா என்பது வேறு விஷயம்.

எங்களுக்குள் ஒரு நியமம் உண்டு, நான் வைத்ததுதான். பெயர் சொன்னால் போதாது. அந்தப் பெயருக்குரிய வேலையை அந்தச் சாமான் எல்லார் முன்னாலும் செய்து காட்ட வேண்டும். பாக்குவெட்டி என்றால் பாக்கு வெட்ட வேண்டும். ஒருமுறை ஒரு பித்தளைக் குழாயை முறுக்கு உரல் என்று சொல்லி, மாவு பிழிந்து, பொரித்தே காட்டினேன். அது மாட்டுக்கு எனிமா கொடுக்கிற கருவி என்று பிற்பாடு தெரிந்தது. முறுக்கு நன்றாகவே இருந்தது. யாரிடமும் நான் சொல்லவில்லை.

தாசையன் போனக்காடு மலை எஸ்டேட்டில் தேயிலை வேலை பார்த்து ஓய்ந்தவர். வாரந்தோறும் பஸ் ஏறி வந்துவிடுவார். அன்றைக்கு ஒரு நீலக் கண்ணாடிக் குப்பி கொண்டுவந்தார், இடிந்த பங்களாக் குப்பையில் கிடைத்ததாம். கையில் வாங்குமுன்பே 'சர்பத் குப்பி' என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் கேட்டார்கள். வாங்கின பிறகுதான் விரலில் வரிவரியாகத் தட்டியது. விஷம் அடைக்கிற குப்பிக்குத்தான் அப்படி வரி போடுவார்கள், இருட்டில் கை தெரிந்துகொள்ளட்டும் என்று. அடியில் வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாயைவிட்டுப் போன பேச்சை என்ன செய்ய?

"ஓய், நன்னாத் தடவிப் பாரும். இது விஷக் குப்பியாக்கும்" என்றார் சேஷன். காலேஜில் கெமிஸ்ட்ரி லேபில் இருந்தவர். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம், சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது.

நியமப்படி ஆகட்டும் என்று பக்கத்துக் கடையில் நன்னாரி சர்பத் வாங்கிவரச் சொன்னேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து சேஷன் எழுந்து போய்விட்டார். குடித்துக் காட்ட வேண்டியது நான்தான். எனக்குச் சர்க்கரை வியாதி, டாக்டர் இனிப்பு கூடாது என்றிருக்கிறார்.

"அண்ணாச்சி சொன்னா பின்ன என்ன, நான் குடிக்கேன்" என்றார் தாசையன். "ஒண்ணு கழுவிக்கிடட்டா?"

கழுவினால் பழைமை போய்விடும் என்றேன். சர்பத்தை அப்படியே குப்பியில் ஊற்றிக் குடித்துவிட்டு, ஏதோ நறநறவென்று இருக்கிறது என்றார். சர்பத்தில் போடுகிற கஸ்கஸ் விதை என்றேன். தலையாட்டினார். என் பேச்சில் அந்த மனுஷனுக்கு அவ்வளவு மதிப்பு.

சாயங்காலம் வாந்தி நிற்கவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் மகள் ஜிஷா ஓடிவந்தாள். என்ன சாப்பிட்டார் என்று டாக்டரம்மா கேட்டாள். தாசையனால் பேச முடியவில்லை, என்னைப் பார்த்தார். நன்னாரி சர்பத் என்றேன். வேறொன்றும் இல்லையா என்று டாக்டரம்மா இரண்டு முறை கேட்டாள். இல்லை என்றேன். குப்பியைப் பற்றிச் சொல்லியிருந்தால் சிகிச்சையை மாற்றியிருப்பார்கள், எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேஷன் எல்லார் முன்னாலும் மறுபடி சிரித்திருப்பார், அதுவும் தெரியும். செவ்வாய்க்கிழமை தாசையன் இறந்துபோனார். மனசு விட்டு அழுதேன் சார், பொய்யில்லை.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். தெரிந்தே கொடுத்தேன், தெரிந்தே மறைத்தேன், அதனால் செத்தார் என்று இருக்கிறது. எல்லாம் சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கைப்பற்றிய சாமான்களின் பட்டியலில் 'நீல நிற விஷக் குப்பி, ஒன்று' என்று போட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் சர்பத் குப்பி என்று திருத்திக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.