கொள்ளைக்காரன் கட்டு

— கால் வெடிப்புல உப்புத்தண்ணி ஏறி உயிர் போவுதுளா மாரி. உப்புப்பெட்டி சுமந்த கழுத்து என் கழுத்து மாதிரியே இல்ல. இந்த நிழல்ல செத்த உக்காரு.

— உக்காருதேன் யக்கா. ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— சொல்லு. சாயங்காலம் மட்டும் என்னயப் பிடிச்சு வைக்காத. கொழும்புத் தோணி நேத்து ராத்திரியே வந்து நிக்காம். எம்மவன் கிருபாநிதி அதுலதான் வருவான். சரக்கு எறக்காம தோணி ஓட்டுத தண்டல் ஆள விடமாட்டாரு. நான் கடப்புறத்துல போய் நிக்கணும்.

— ஜெபகனியக்கா...

— தெரியும்ளா. ஒம்மவன் போன ஈரம் காயல, நான் எம்மவன் வாரான்னு ஒங்கிட்டயே வந்து சொல்லுதேன். வேற யாருட்டப் போய்ச் சொல்ல? நம்ம ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒருத்தன்தான.

— கஞ்சியக் குடி மொதல்ல.

— எறங்காதுளா. நேத்துலருந்து வயிறு ஒரு மாதிரி சந்தோசமா இருக்கு. ஒம்மவன் மாடக்கண்ணையும் நெனச்சுக்கிட்டேதான் இருக்கேன் பாத்துக்கோ. ரெண்டும் கூடாரத்துல அந்த வெள்ளக்காரன் படம் பாத்துட்டு வந்துச்சே, கடல் கொள்ளைக்காரன் படம்.

— அந்தப் படத்தப் பாக்காமலே இருந்திருக்கலாம்.

— கப்பக்காரன்ட்ட செவப்புப் புள்ளி லேஞ்சித்துணி வாங்கி, நெத்திய மூடிக் கட்டி, பின்னால முடிச்சப் போட்டு, பனமட்டைய வாளாட்டம் பிடிச்சு எங்க வாசல்ல நின்னாம்லா மாடன். ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு, 'ஏ ஜெபகனி, புதையல எடு'ங்கான். ரேசன் அரிசிதாம்ல இருக்குன்னேன். அதையும் எடுங்கான்.

— கப்பல் கரி எறக்குத தோணி மேஸ்திரியும் சிரிச்சாரு. கடல்ல திருடுதவன் எவம்ல செவப்புத் துணி கட்டுவான், கரையிலருந்தே தெரிஞ்சிராதான்னு.

— சிரிச்சாலும் அந்தாளுக்கு அதுதான வசதி. கரி ஏறிட்டா எல்லா மூஞ்சியும் ஒண்ணு. தலத்துணியப் பாத்துத்தான ஆள எண்ணுவாரு. பச்சக்கட்டம் ஏறிட்டானா, கொள்ளைக்காரன் ஏறிட்டானான்னு.

— அதே துணியப் பாத்துத்தான் பொணத்தையும் சொன்னாரு. கரித்தோணி கவுந்து, போனவன் ஒருத்தனும் திரும்பல. கர ஒதுங்குனது அந்த ஒரு ஒடம்புதான். மூஞ்சிய மீன் தின்னுட்டு, பொம்பள பாக்கப்பிடாதுன்னு பாயில சுத்திட்டாங்க. பின் முடிச்ச மட்டும் நான் பாத்தேன்.

— நானுந்தான் பாத்தேன். ஒன்னய இடுப்போட பிடிச்சுக்கிட்டு நின்னேன்லா.

— நின்ன.

— ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சுக்கிடாத. ஒங்கூட அழுதுட்டு நேரா கோயிலுக்குத்தான் போனேன். ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். எம்மவனும் அதே கரித்தோணில வேல பாத்தவன்தான. கொழும்புக்குப் போறேன்னு வேலய விட்டுட்டு, கவுந்த அன்னைக்குக் காலையிலதான தோணி ஏறுனான். ஆண்டவர் காப்பாத்திட்டாருன்னு நெனச்சேன். ஒம்மவன் பாயில கெடக்கையில நெனச்சேன். நானும் ஒரு பொம்பளையா?

— போதும் யக்கா.

— என்னளா, எதுக்கு எங்கையப் பிடிக்க?

— எம்மவன் வீட்ல இருக்கான்.

— யாரு?

— மாடக்கண்ணு. ராத்திரி வந்தான். கதவச் சாத்தி உள்ள வச்சுட்டு வந்திருக்கேன்.

— வெயிலு தலைக்கு ஏறிட்டு ஒனக்கு. இந்தா, தண்ணியக் குடி.

— வெயிலு இல்ல. மூஞ்சியத் தடவிப் பாத்தேன். சோறு போட்டேன். தின்னான். கொழும்புத் தோணில வந்திருக்கான் யக்கா. செத்தவன்னு ஊரு நெனைக்குத வெவரம் தெரிஞ்சு தண்டலே அவன முன்னால எறக்கி விட்டுருக்காரு. அன்னைக்குப் போனதும் இவன்தான்.

— போனது எம்மவன்லா. நான்தான கடப்புறத்துல நின்னு அனுப்புனேன்.

— நீ அனுப்புன. அழுத. நீ அங்கிட்டுத் திரும்புனதும் ஒம்மவனுக்கு மனசு விட்டுப்போச்சு. 'அம்மா ஒத்தையில கஞ்சி குடிக்கமாட்டா, நான் போவல, நீ போறியால மாடா'ன்னு கேட்டிருக்கான். இவனுக்குத்தான் கப்பல் கிறுக்காச்சே.

— நிறுத்து.

— இப்ப நான் சொல்லலன்னா கடப்புறத்துல எவனாவது சொல்லுவான் யக்கா. ஆள் கொறஞ்சா மேஸ்திரி இவன் எடத்த வேறொருத்தனுக்குக் குடுத்துருவாரு. அதுக்காக லேஞ்சிய அவுத்து ஒம்மவன் தலையில இவனே கட்டி விட்டுருக்கான். கரியப் பூசிட்டா மேஸ்திரிக்கு அதுதான கொள்ளைக்காரன். பொழுதுசாய ஒம்மவன் வேல முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து ஒனக்கு முன்னால நிக்கலாம்னு இருந்திருக்கான்.

— படத்துல அந்தக் கொள்ளைக்காரன் கடைசில குத்துப்பட்டுச் சாவானாம்.

— யக்கா.

— கிருபாதான் சொன்னான். மறுநா ஆட்டத்துக்குப் போனா எந்திச்சு வந்து நிக்கான்மா, லேஞ்சிகூட கலையலன்னான். சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்.

— என்னய அடி. வையி. மண்ண வாரித் தூத்து.

— மாடன் நல்லாச் சாப்பிட்டானா?

— ம்.

— பசியோட வந்திருப்பான். அந்த ஒடம்ப என்ன செஞ்சிய?

— கூடத்தான நின்ன நீ.

— ஒன் வாயால சொல்லு.

— எங்க வழக்கப்படி எரிச்சோம். எங்கண்ணன் கொள்ளி வச்சாரு. சாம்பலக் கடல்ல விட்டாச்சு.

— எங்காளுக எரிக்க மாட்டாங்கன்னு ஒனக்குத் தெரியும்லா. எங்க வீட்டுக்காரரு கல்லறைத் தோட்டத்துலதான கெடக்காரு. பக்கத்துல எனக்குன்னு கொஞ்சம் எடம் இருக்கு. அத அவனுக்கே குடுத்துருவேன். குடுத்து, அந்தக் குழில எதப் போட? எங்க சபை ஐயரு ஜெபம் பண்ண வந்தா எதக் காட்ட?

— தெரிஞ்சா செஞ்சேன் யக்கா? எம்மவன்னு நெனச்சு வயித்துல அடிச்சிக்கிட்டுத்தான செஞ்சேன்.

— நான் இல்லங்கல. பெத்தவ மாதிரிதான் அழுத. வெறகு பத்தலன்னதும் எங்க வீட்டு வெறகத்தான தூக்கிக் குடுத்தேன். ஒம்மேல கோவம் இல்ல. ஒம்மவன் நல்லா இருக்கட்டும், கதவத் தொறந்து வெளிய விடு அவன. ஆனா மாரி, நீ எனக்கு ஒரு பொணம் தரணும்.