இன்று கற்றது, ஒன்பது வரிகளுக்குக் குறையாமல்

ஒரு மனிதன் ஒரு நாளில் எவ்வளவு கற்றுக்கொள்ள முடியும் என்பதை யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள், மேடம். ஒன்பது வரி. எங்கள் பயிற்சி டைரியில் பக்கத்துக்குப் பக்கம் 'இன்று கற்றது' என்று தலைப்புப் போட்டு, கீழே ஒன்பது கோடு அடித்திருக்கும். அதற்கும் கீழே மேற்பார்வையாளர் கையெழுத்துக்கு ஒரு கட்டம். எட்டு வரி எழுதினால் அன்றைக்கு நீங்கள் வேலைக்கே வரவில்லை என்று அர்த்தம்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: ஒரு பெண்ணுக்கு எப்படி இரண்டு டைரி. கொஞ்சம் சுற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கும். எனக்குச் சுருக்கமாக எழுதிப் பழக்கமில்லை.

எங்கள் படிப்பில் கடைசி ஆறு மாதம் வகுப்பு கிடையாது. ஏதாவது ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவார்கள். வேலையோடு கல்வி என்று பெயர். எங்கள் பதினெட்டுப் பேருக்கு வாய்த்தது, கழிவுக் காகிதத்தைக் கூழாக அரைத்து அட்டை செய்கிற ஒரு ஆலை. எங்களுக்கு ஆலை சொல்லிக்கொடுக்கும் என்று கல்லூரி நினைத்தது. கல்லூரி சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருக்கும் என்று ஆலை நினைத்தது. நாங்கள் கொட்டகையில் உட்கார்ந்து, பழைய காகிதக் கட்டுகளைப் பிரித்து, குண்டூசியும் கம்பியும் பிளாஸ்டிக்கும் பொறுக்கினோம். முதல் வாரத்திலேயே அதில் கரை கண்டுவிட்டோம். மிச்சம் இருபத்தைந்து வாரத்துக்கும் தினம் ஒன்பது வரி எழுத வேண்டியிருந்தது.

அங்கேதான் நான் தேவைப்பட்டேன். என்னை எல்லோரும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். யார் கையெழுத்தும் எனக்கு வரும். சாய்த்து எழுதுகிறவன், பேனாவை அழுத்தி மறுபக்கம் வரை ஓட்டை போடுகிறவன், புள்ளி வைப்பதைக் கடவுளிடம் விட்டுவிடுகிறவன், எல்லோரும் என் விரலுக்குள் இருந்தார்கள். ஆலை அலுவலக அலமாரியில் இயந்திரக் கையேடு ஒன்று உறை பிரிக்காமல் கிடந்தது. அதைப் பிரித்தவன் நான்தான். திங்கட்கிழமை ஒருவன் வால்வைப் பற்றிக் கற்றால் செவ்வாய்க்கிழமை அடுத்தவன் கற்பான். இப்படி அறிவு எங்கள் பேட்ச்சில் ஜலதோஷம் மாதிரி வரிசையாகப் பரவியது. பதிலுக்கு ஒருவன் என் துணியைத் துவைத்தான், ஒருத்தி எனக்குச் சாப்பாட்டு வரிசையில் இடம் பிடித்தாள். என்னுடையதையும் சேர்த்துப் பதினேழு டைரி.

அந்தக் கையேட்டில் எனக்கு மிகவும் பிடித்தது பூட்டு விதி. கூழ் அரைக்கும் தொட்டி ஒரு சின்ன அறை அளவு இருக்கும். அடியில் சுழலும் கத்தி. அதில் கம்பியும் கயிறும் சுற்றிக்கொண்டால் ஆள் உள்ளே இறங்கி அறுத்து எடுக்க வேண்டும். இறங்குகிறவர் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டுத் தொங்கினால் உள்ளே ஆள் உண்டு. தொங்காவிட்டால் ஆள் இல்லை. அழகான விதி. பதினேழு டைரியிலும் ஒவ்வொரு தடவை, வேறு வேறு சொற்களில் எழுதினேன். அந்த ஆலையில் அதை முழுசாக அறிந்தவன் அன்றைக்கு நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

ஃபோர்மேன் எதையும் வாசிக்க மாட்டார். ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். 'இன்று ஃபோர்மேனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தேன், கையை நன்றாக வீசுகிறார்' என்று எழுதி நீட்டினேன். கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 'முன்னேற்றம் தெரிகிறது' என்றும் எழுதிக் கொடுத்தார்.

பதினெட்டாவது ஆள் சாட்சி. அது நாங்கள் வைத்த பெயர். முதல் வருஷம் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடி உடைந்தது. யார் உடைத்தது என்று ஆசிரியர் கேட்டதும் எழுந்து நின்று, "நான்தான் சார். கூட இவங்க ரெண்டு பேரும் இருந்தாங்க" என்று சொன்னவள். அவள் டைரியை அவளே எழுதினாள். முதல் பக்கத்திலேயே இப்படி இருந்தது: 'இன்று கற்றது ஒன்றுமில்லை. காலை எட்டு மணி முதல் ஐந்து மணி வரை குண்டூசி பொறுக்கினோம். யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.' மீதி வரிகளில் எத்தனை குண்டூசி என்று எழுதியிருந்தாள்.

நான்காவது மாதம் கல்லூரியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இந்த வருஷம் வெளியிலிருந்து தேர்வாளர் வருவார், ஒரு பேட்ச்சின் டைரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பார், முரண்பாடு இருந்தால் மொத்தப் பேட்ச்சுக்கும் ஆறு மாதப் பயிற்சி ரத்து. பதினேழு பேர் இயந்திரத்தைப் பிரித்து மாட்டியிருக்கிற அதே கொட்டகையில் பதினெட்டாவது ஆள் குண்டூசி எண்ணிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் முரண்பாடுதான்.

அவளிடம் பேசினேன்.

"உனக்கும் நானே எழுதித் தர்றேனே. ரெண்டு நாள் குடு."

"வேணாம்டா. நீ 'செவ்வனே கற்றறிந்தேன்'னு எழுதுவ. எனக்கு அந்த வார்த்தையே ஒத்துக்காது."

"உன்னால பதினேழு பேருக்கு வருஷம் போகும்."

"என்னாலயா? நான் குண்டூசிதானே பொறுக்கினேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். எனக்கு அவள் மேல் எந்தக் கோபமும் இல்லை, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வாரம் ஃபோர்மேனுக்கு மேல் ஒரு சேஃப்டி ஆபீசரைப் போட்டார்கள். நல்ல மனிதர். அவரிடம் இருந்த ஒரே குறை, வாசிப்பார். வரப்போகிற திங்கட்கிழமை எல்லா டைரியும் தன் மேஜைக்கு வரவேண்டும், அவரவர் கற்றதைப் பார்த்துத்தான் இனி வேலை கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். பேட்ச் லீடர் என்ற முறையில் சேகரிக்க வேண்டியவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சியின் டைரியை அவள் அலமாரித் தட்டிலிருந்து எடுத்தேன். அவள் கையெழுத்து எளிது, குண்டு குண்டாக, அவசரமில்லாமல் இருக்கும். முதல் இருபது பக்கத்தைப் பார்த்ததில் கை பிடித்துவிட்டது. புது டைரி ஒன்றில் நான்கு மாதத்தையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். ஃபோர்மேன் அரைமணி நேரத்தில் நூறு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பூட்டு விதியை மற்றவர்களுக்கு ஒரு தடவை போட்டவன், அவளுக்கு மட்டும் நான்கு தடவை போட்டேன். தொட்டிக்குள் தனியாக இறங்கினாள், கம்பி அறுத்தாள், செவ்வனே செய்தாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று பக்கம் பக்கமாகப் பார்த்ததில் என் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது போலிருக்கிறது. பழையதை என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். எரித்திருக்கலாம். ஒருவர் தானே உட்கார்ந்து எழுதியதை எரிக்க மனசு வரவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் என்னைத் தேடி வந்தாள்.

"என் டைரியப் பாத்தியா?"

"எல்லாத்தோடயும் சேர்த்து சார்கிட்ட குடுத்தாச்சே."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "குடுத்துட்டியா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். சரி, இனிமே என்ன. விடு."

ஏதோ மிரட்டல் என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சூழ்நிலையில் யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

செவ்வாயும் புதனும் சேஃப்டி சார், இயந்திரத்தில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் பூட்டு விதியைப் பற்றி வகுப்பு எடுத்தார். ஆளுக்கொரு பூட்டும் சிவப்பு அட்டையும் கொடுத்தார். எங்களை அழைக்கவில்லை. "உங்க டைரி பூரா பாத்தேன்பா. உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதைத் திரும்பச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். பூட்டு வேணும்னா ஆபீஸ்ல கொக்கியில தொங்குது, எடுத்துக்கங்க" என்றார். இதுவரை என் எழுத்தைப் பாராட்டியவர் அவர் ஒருவர்தான்.

வியாழக்கிழமை காலை தொட்டியில் கம்பி சுற்றி நின்றுவிட்டது. வழக்கமாக இறங்குகிறவருக்குக் காய்ச்சல். சார் டைரிக் கட்டோடு கொட்டகைக்கு வந்து சாட்சியைக் கூப்பிட்டார்.

"நீதானேம்மா நாலு தடவை இறங்கியிருக்க. இன்னைக்கும் நீயே பாத்துடு."

"நானா சார்?"

அவர் டைரியைப் பிரித்துக் காட்டினார். அவள் வாங்கி, நின்றபடியே இரண்டு பக்கம் வாசித்தாள். தன் கையெழுத்தைத் தானே வாசித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். போச்சு என்று நினைத்தேன். சாட்சி வாயைத் திறந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் திறக்கவில்லை. உதட்டோரத்தில் லேசாகச் சிரித்தாள். டைரியை மூடி அவரிடம் கொடுத்து, "சரி சார்" என்றாள்.

"இவங்களுக்குத் தெரியும்ல?" என்று சார் லீடரான என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டார்.

"தெரியும் சார்."

அவர் தொட்டி வரை எங்கள் கூடவே வந்தார். போகும்போது அவள் என் பக்கத்தில் ஒட்டி நடந்து, மெதுவாகக் கேட்டாள்: "உள்ள போய் என்னடா பண்ணணும்?"

"கம்பிய அறுத்து வெளிய போடு. அவ்வளவுதான்."

பூட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சார் நான்கடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். பூட்டு என்றால் அவள் எந்தப் பூட்டு என்று கேட்பாள். நான்கு தடவை இறங்கியவள் கேட்கிற கேள்வியா அது. அவள் சுவிட்சை அணைத்துவிட்டு, கம்பி வெட்டும் கத்தரியோடு பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே இறங்கினாள். அதற்குள் சாருக்குப் போன் வந்து, பேசிக்கொண்டே அலுவலகத்துக்குப் போய்விட்டார். நான் சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபடவில்லை. சாயங்காலம் வரை வைத்திருந்து எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறாள் என்று தோன்றியது. தேர்வாளர் முன்னால் எழுந்து நின்று, "இதை எழுதினது அவன்தான் சார். கூட இவங்க பதினாறு பேரும் இருந்தாங்க" என்று சொல்வது என் காதில் விழுந்தது.

பத்து நிமிஷம் இருக்கும். தொட்டியை ஓட்டுகிற ஆபரேட்டர் அண்ணன் டீ குடித்துவிட்டு வந்தார். அவள் இறங்கியபோது அவர் அங்கே இல்லை. இரண்டு நாள் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர். பலகையைப் பார்த்தார்.

"என்ன தம்பி, பூட்டக் காணோம். உள்ள யாரும் இருக்காங்களா?"

உள்ளே அவள் இருப்பது எனக்குத் தெரியும். பூட்டு போடாததும் தெரியும், ஏன் போடவில்லை என்பதும் தெரியும். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுகிற நேரம் இருந்தது. அந்த நேரத்தில் நான் பதினேழு பேரைத்தான் நினைத்தேன். அதில் ஒருவனுக்கு அப்பா இல்லை. ஒருத்திக்குக் கல்யாணமே இந்தச் சான்றிதழை நம்பித்தான் நிச்சயமாகியிருந்தது.

"பூட்டு இல்லேன்னா உள்ள ஆள் இல்லேன்னுதானே அண்ணே அர்த்தம்" என்றேன்.

"அடேங்கப்பா, எனக்கே பாடமா" என்று சிரித்துவிட்டு சுவிட்சைப் போட்டார்.

நான் பொய் சொல்லவில்லை, மேடம். விதியைச் சொன்னேன். கையேட்டில் அப்படியே இருக்கிறது. ஆபரேட்டர் அண்ணனை இன்னும் ஸ்டேஷனில் உள்ளே வைத்திருக்கிறீர்களாம். அவரை விட்டுவிடலாம். அவர் விதிப்படி நடந்தவர்.

அன்று மாலை ஆலை விசாரணைக்கு ஒரு எழுத்து வாக்குமூலம் கேட்டார்கள். 'பலமுறை பயிற்சி பெற்றிருந்தும் அன்னாரின் அலட்சியமே விபத்துக்குக் காரணம்' என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவளுடைய அப்பா வந்து அந்த டைரியைக் கேட்டு வாங்கினார். பக்கம் பக்கமாகப் புரட்டி, "இவ்வளவு கத்துக்கிட்டிருக்கா. வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலயே" என்றார். அவர் கொஞ்சம் பெருமைப்பட்ட மாதிரிகூட இருந்தது. அது என்னால் முடிந்தது.

நேற்று என் பெட்டியிலிருந்து எடுத்த அவளுடைய பழைய டைரியின் கடைசிப் பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். நான் அதுவரை போகவில்லை, எனக்கு இருபது பக்கம் போதுமானதாக இருந்தது. சனிக்கிழமை போட்ட தேதி. 'இன்று கற்றது: ரைட்டர் சொல்வது சரிதான். என் பிடிவாதத்துக்குப் பதினேழு பேர் ஏன் கஷ்டப்பட வேண்டும். இதை நானே வைத்துக்கொள்கிறேன். எனக்கும் ஒன்று எழுதித் தரச் சொல்லித் திங்கட்கிழமை அவனிடம் கேட்க வேண்டும். ரொம்ப அலட்டிக்கொள்வான்.'

இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னேன். நீங்கள் வாசித்தீர்கள். அதன் பிறகு என்னிடம் எதுவும் கேட்காமல் எழுந்து போய்விட்டீர்கள். அதனால்தான் இதை எழுதித் தருகிறேன்.

சனிக்கிழமையே மனசு மாறியிருக்கிறது. ஞாயிறு முழுக்க நேரம் இருந்தது. திங்கட்கிழமை என் முன்னால் வந்து நின்றும் கேட்காமல் போனாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அலட்சியம் என்று நான் எழுதியதில் தப்பில்லை, மேடம்.