திரையில் மூடியே இருந்த கோழிக் கொட்டகைக் கதவு

என்னைத் தெரிந்தவர்கள் ‘அளப்பு மாமா’ என்பார்கள். வயது ஐம்பத்திரண்டு. தொழில் கணினி நிரல் எழுதுவது. குடியிருப்பது பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், ஜெராக்ஸ் கடை மாடியில். நான் சொல்லப்போவதை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன்.

கோழிப்பண்ணையில் காவல் பார்க்கும் என் மனைவியின் தம்பியை, கோழிகளைக் களவாக விற்றதாக நேற்று இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். தாழ் கழன்று கதவு திறந்து, கோழிகள் பின்புறச் சோளக்காட்டுக்குள் ஓடிவிட்டன என்பது அவர் சொல். கதவு மூடியே இருந்தது என்பது பண்ணை அலுவலகக் கணினித் திரையின் சொல். அந்தத் திரைக்குப் பேசக் கற்றுத் தந்தவன் நான்.

கொட்டகையில் உள்ள பெட்டி, சி என்ற கணினி மொழியில் எழுதிய நிரலின்படி வெப்பம், கொட்டகை எண், கதவு நிலை என்று வரிசையாகச் செய்தி அனுப்பும். அதைப் பிரித்துப் படிக்கும் நிரலைக் கையால் எழுதச் சோம்பல்பட்டு, அந்த சி நிரலைப் பார்த்துத் தானே எழுதிக்கொள்ளும் கருவி ஒன்றைச் செய்தேன். அது ஒரு தும்மலுக்குள் லட்சம் வரி எழுதியது. சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், கொட்டகை எண்ணுக்கும் கதவு நிலைக்கும் நடுவே கொஞ்சம் காலி இடம் விட்டுவைக்கும் என்பதை அதற்குச் சொல்லித்தர மறந்தேன். அது கதவைக் காலி இடத்தில் தேடியது. அங்கே எப்போதும் பூஜ்யம். பூஜ்யம் என்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

அதன் பின் பண்ணை முதலாளி சோதித்துக் காட்டச் சொன்னார். சோதனைச் செய்திகளையும் அதே கருவியை விட்டே எழுதவைத்தேன். தான் எழுதியதைத் தானே படித்து எல்லாம் சரி என்று பச்சை காட்டியது. பத்தடி நடந்து கதவை ஒருமுறை திறந்து பார்க்க எனக்கு உடம்பு வணங்கவில்லை.

அதன் பின் நேற்று, கன்றுக்குட்டி உயரக் கோழிகள் அத்தனையும் காணாமல் போனதும், “மெஷின் தப்பா காட்டுமா?” என்று முதலாளி கேட்டார். “என் புரோகிராம் பொய் சொல்லாதுங்க, மனுஷங்கதான் சொல்வாங்க” என்றேன். “மாமா, கண்ணால பாத்தேன், கதவு ஆன்னு தெறந்து கெடந்துச்சு” என்றார் மைத்துனர். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

அதன் பின் வீட்டில் மனைவி, “என் தம்பிக்குப் பொய் சொல்ல வருமா? இந்த வீட்ல அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே” என்றார். நிரலைத் திறந்தேன், பிழை தெரிந்தது. ஓசையில்லாமல் திருத்திவிடலாம் என்றும் தோன்றியது. சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி பழக்கத்தில் தம்பிக்கும் தட்டு வைத்திருந்தார்.

அதன் பின் இன்று காலை முதலாளியைக் கொட்டகைக்கு அழைத்துப்போய்க் கதவை அகலத் திறந்து காட்டினேன். திரை ‘மூடியிருக்கிறது’ என்றது. அதன் பின் இங்கே வந்தேன். வராந்தா பெஞ்சில் இருந்த மைத்துனர் எழுந்து நின்று, “வாங்க மாமா, சாப்ட்டீங்களா?” என்று கேட்டார்.

நான் சொன்னதை எழுதிப் படித்துக் காட்டிய காவலர், தும்மலையும் கன்றுக்குட்டியையும் ஒத்துக்கொள்ள முடியாது என்கிறார். சரி. கருவி எழுதியது சில நூறு வரிதான். கோழிகளும் கோழி உயரம்தான். நான் அளந்ததையெல்லாம் கழித்துவிட்டு, மிஞ்சும் ஒரு சின்ன உண்மைக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்: கதவு திறந்துதான் இருந்தது.

(ஒப்பம்)