வானிலை அறிக்கைக்கு அப்புறம்

— அவ்வளவுதான். இப்ப பஸ்ஸை விட்டு இறங்குவா, அவ வீட்டு கேட்டுல கை வைப்பா, முடிஞ்சுது படம். டிவியை அணைச்சுட்டு முகத்தைக் கழுவிக்கோ. ஆறு மணிக்கு மாப்பிள்ளை உன்னைக் கூட்டிட்டுப் போக வந்துடுவார்.

— மணி அஞ்சுகூட ஆகலைம்மா. ஓடட்டும்.

— பதினஞ்சு தடவை பார்த்தாச்சு. இன்னும் என்னடி இருக்கு அதுல?

— நீதானே சொல்லுவே, பார்த்ததையே பார்க்கறதுதான் நிம்மதின்னு. சீரியலைக்கூட எல்லாம் முடிஞ்சு, யார் செத்தாங்க யார் பிழைச்சாங்கன்னு பக்கத்து வீட்ல கேட்டுட்டுத்தான் முதல் எபிசோடே போடுவே.

— பின்னே? புதுசுன்னா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, கேட்டியா. தெரிஞ்ச கதைன்னா அது பாட்டுக்கு ஓடும், நாம பாட்டுக்குத் துணி மடிக்கலாம்.

— எனக்கு அப்படி இல்லை. நாள் முழுக்க ஊரார் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டறேன். ஒரே கல்யாணத்தை நாப்பது தடவை ஓட்டணும். முதல் தடவை எல்லாரும் சிரிச்சுட்டுத்தான் இருப்பாங்க. மூணாவது தடவை தெரிஞ்சுடும், யார் யார்கிட்ட பேச்சுவார்த்தை இல்லைன்னு. இந்தப் படமும் அப்படித்தான். சின்ன வயசுல இவ புருஷனை எவ்வளவு சாதுன்னு நினைச்சேன். இன்னிக்கு எண்ணிட்டே வந்தேன். ஒண்ணரை மணி நேரத்துல அவகிட்ட அவன் பேசினது நாலே வார்த்தை.

— அந்தக் கோபத்துலதான் வீட்டை விட்டுப் போனா. அப்புறம் புத்தி வந்து தானா திரும்பி வரா பாரு. நீயும் நல்லபடியா உன் வீட்டுக்குப் போய்ச் சேரு.

— என் வீட்லயும் எட்டு மாசமா இதேதான். சாவி எங்க, கேஸ் தீர்ந்துடுச்சு, கதவைச் சாத்து. இதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. நான் சண்டை போட்டுட்டு வரலைம்மா. சண்டை போடக்கூட ஆள் இல்லாம அலுத்துப் போய் வந்திருக்கேன்.

— அடிச்சாரா? குடிச்சாரா? ஒண்ணும் இல்லையே. பேசாத மனுஷனோட குடித்தனம் பண்ண முடியாதா? நான் பண்ணலையா?

— அப்பாதான் இப்ப வாய் ஓயாம பேசறாரே.

— பேசறார். எனக்கு ஒரு காது மந்தமான அப்புறம்.

— சிரிப்பு காட்டாதேம்மா. இரு இரு, கேட்டுல கை வெச்சுட்டா. அந்தக் காலத்துல டிவியிலேர்ந்து பதிஞ்ச நம்ம கேசட்ல இங்கதான் படம் அறுந்து வானிலை அக்கா வந்துடுவாங்க.

— நாளை கடலோரப் பகுதிகளில் லேசான தூறல்.

— தம்பி அதையும் படம்னே நினைச்சுட்டான். இவ வீடு திரும்பின சந்தோஷத்துல ஊருக்கே மழை பெய்யுதுன்னு ஸ்கூல்ல கதை சொல்லி மானம் போச்சு அவனுக்கு.

— உங்கப்பாவுக்கு எந்த பட்டன் எதுக்குன்னு என்னிக்குத் தெரிஞ்சது? பதிஞ்ச படத்து மேலயே நியூஸைப் பதிஞ்சு வெச்சார்.

— எத்தனை வருஷம் அதைச் சொல்லியே அவரை ஓட்டினோம். நான் தொடலைடி, தொடலைடின்னுவார். ஒருத்தராவது நம்பினோமா? அம்மா, பாரு. டிவியில படம் இன்னும் முடியலை.

— அணைடி.

— கையை எடு, ரிமோட் உடைஞ்சுடும். அவ கேட்டைத் திறக்கலைம்மா. ஜன்னல் வழியா பார்க்கறா. அவன் உட்கார்ந்து சாப்பிடறான். அவ போனதே தெரியாத மாதிரி, பேப்பரைப் பார்த்துட்டே சாப்பிடறான்.

— போதும், விடு.

— பையைக் கையில எடுத்துட்டா. அதே பஸ் திரும்பி வருது. ஏறிட்டா. எங்கன்னு கண்டக்டர் கேக்கறான், கடைசி ஸ்டாப்னு சொல்றா. அவ்வளவுதான், எழுத்து போடறாங்க. இவளைக் காட்டித்தானே காலையிலேர்ந்து எனக்குப் புத்தி சொல்றே?

— ஆமா.

— நீ ஆச்சரியப்படவே இல்லையே. உனக்கு இது முன்னாடியே தெரியுமா?

— காபி போடட்டுமா?

— வேண்டாம், உட்காரு. இது என் தொழில்மா. கை தவறி பட்டனை அமுக்கினா நடு வார்த்தையில வெட்டும், பாதி முகத்துல வெட்டும். நம்ம கேசட்ல அவ கேட்டுல கை வைக்கறது முழுசா இருக்கு, தலையைத் திருப்பறது ஒரு நொடிகூட இல்லை. இடம் பார்த்து நிறுத்தி, அது மேல பதிஞ்சிருக்காங்க. அப்பா வேணும்னேதான் பண்ணியிருக்கார். நீ இதைப் பார்க்கக்கூடாதுன்னு. எழுப்பிக் கேக்கறேன் இரு.

— எழுப்பாதே. பாவம், இப்பத்தான் கண்ணசந்தார்.

— பாவமா? உன்கிட்டேர்ந்து முடிவையே ஒளிச்சு வெச்ச மனுஷனா?

— அவர் எந்தப் படத்தைப் பாதிக்கு மேல பார்த்தார்? அரை மணி நேரத்துல குறட்டை விட்டுடுவார். அவருக்கு இந்த முடிவே தெரியாது.

— அப்ப யாரு?

— நீங்க ரெண்டு பேரும் ஸ்கூலுக்குப் போனதும் கேசட்டைப் போடுவேன். ஒரு மாசம், தினம். அவ பஸ் ஏறற இடத்தை மட்டும் ஓட்டி ஓட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் என் துணியெல்லாம் எடுத்துப் பையில வெச்சு ஜிப்பும் போட்டுட்டேன். இன்னொரு தடவை பார்த்தா உங்களை விட்டுட்டுப் போயிடுவேன்னு தோணுச்சு. அன்னிக்கு ஏழு மணி நியூஸைப் போட்டு நான்தான் அழிச்சேன்.

— அம்மா.

— பழியை அவர் தலையில போட்டேன். பேசாத மனுஷன்தானே, சுலபமா இருந்துச்சு.

— அழாதேம்மா. அஞ்சு தாண்டிடுச்சு. அவர் அங்கேர்ந்து கிளம்பியிருப்பார்.

— அந்தப் போனை எடு. வர வேண்டாம்னு நானே சொல்லிடறேன்.