வானொலிக்கு ஒரு பாட்டில்

பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள், ஐயா. விளையாட்டு மும்முரத்தில் தாகம் தெரியாது. அதனால்தான் எங்கள் பள்ளியில் தண்ணீருக்கென்று தனி மணி வைத்தேன். மணி அடித்ததும் வரிசையாக வந்து குழாயில் குடிக்க வேண்டும். தலைமையாசிரியையாக நான் செய்த முதல் நல்ல காரியம் அது.

பிறகு பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பெண்.

"தண்ணியில காரீயம் கூடுதலா இருக்கு மேடம். பழைய குழாய்ல இருந்து கரையுது. பிள்ளைங்க மூளைக்கு ஆகாது. இன்னொரு தடவை எடுத்துப் பாக்கணும். அதுவும் இப்படியே வந்தா, குழாய் மாத்துற வரைக்கும் பள்ளிக்கூடத்தை மூடிருவாங்க" என்றாள். "ராத்திரி முழுக்கக் குழாயில தேங்குன தண்ணிதான் வேணும், அதுலதான் காரீயம் ஊறியிருக்கும். நான் வர்ற வரைக்கும் யாரும் திறக்காம பாத்துக்குங்க."

மூடினால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? திக்குக்கு ஒருவராகச் சிதறிவிடுவார்கள். ஒருமுறை மூடிய பள்ளி மறுபடி திறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பிரார்த்தனை செய்தேன். மனம் தெளிந்தது. அவள் வருவதற்கு முன்பே போய் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டேன். தேங்கியதெல்லாம் ஓடிப் புதுத்தண்ணீர் வரும்வரை நின்றேன். பிறகு மூடி, ஈரம் தெரியாமல் துடைத்தும் வைத்தேன்.

"யாரும் தொடலையே மேடம்?"

"இங்க என்னைக் கேக்காம காத்துகூட வீசாதும்மா."

சிரித்துக்கொண்டே குப்பியை நிரப்பினாள். முடிவு நல்லபடியாக வந்தது. மணி தொடர்ந்து அடித்தது.

என் தங்கை மகளும் அங்கேதான் படித்தாள். அவளுக்கு மட்டும் வீட்டிலிருந்து தண்ணீர் கொடுத்தனுப்பினேன்.

"எனக்கு மட்டும் ஏன் பெரியம்மா?"

"உனக்குத் தொண்டை கட்டிக்கும்டி."

அவள் வகுப்பில் ஒரு பையன். வாய் ஓயாமல் பேசுவான். வானொலி என்று கூப்பிடுவோம். அடுத்த ஆண்டு அவன் பேச்சு குறைந்தது. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தெரிந்த எழுத்துகளெல்லாம் மறந்துபோயின. "வானொலிக்கு பேட்டரி தீந்துபோச்சு" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவர்களைக் கண்டித்தேன். மாலையில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து 'அ'விலிருந்து சொல்லிக்கொடுத்தேன். அவன் அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஒருநாள் தங்கை மகள் குழாயடியில் குனிந்து குடிப்பதைப் பார்த்தேன்.

"உன் பாட்டில் எங்கடி?"

"வானொலிக்குக் குடுத்துட்டேன். இந்தத் தண்ணி குடிச்சா அவனுக்கு வயிறு வலிக்குதாம். இருக்கிறதைப் பகிர்ந்துக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

வாழ்நாளில் முதன்முறையாக அன்று ஒரு பிள்ளையை அடித்தேன். இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் கன்னம்தான் தெரிகிறது. பின்னால் குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கல்நெஞ்சக்காரி என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள், ஐயா. அவனிடம் பாட்டில் இல்லாததால்தானே அவள் கொடுத்தாள்? மறுநாளே அவனுக்கு ஒரு புதுப் பாட்டில் வாங்கினேன். அதில் சின்னதாக ஒரு வானொலிப் படம் ஒட்டினேன். நெடுநாள் கழித்துச் சிரித்தான். தண்ணீர் மணி அடித்ததும் என் மேசைக்குக் கொண்டுவருவான். நானே குழாயடிக்குப் போய், என் கையால், விளிம்புவரை நிரப்பிக் கொடுப்பேன். வேறெந்தப் பிள்ளைக்கும் நான் அப்படிச் செய்ததில்லை.